36-இல் 20 போனால்: சுடோகுவின் மேல்நிலைத் தர்க்கம்

‘உலகின் மிகக் கடினமான சுடோகு’ என்ற அறிவிப்புடன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு புதிர் செய்தித்தாள்களில் இடம்பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்கலா உருவாக்கி, பிரிட்டனின் டெலிகிராஃப் நாளிதழ் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிராகும். அதன் 81 கட்டங்களில் 21 எண்கள் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. இப்பட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன், கடினம் என்பது யாருக்கு என்று கேட்டாக வேண்டும். காலியான கட்டத்தில் ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பது, முரண்பாடு தோன்றினால் அதை அழித்துவிட்டு அடுத்த எண்ணை இடுவது என்ற ஒரே வேலையை அலுக்காமல் செய்யும் கணினிக்கு, இன்கலாவின் புதிர் ஒரு நொடிகூடத் தேவைப்படாத பணி. அதன்பின் உருவான பல புதிர்கள், கடினத்தை அளக்கும் மென்பொருள்களிடம் அதைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றும் இருக்கின்றன. ஆகவே பட்டம் நிலையானதும் அன்று, அளவுகோல் எல்லார்க்கும் பொதுவானதும் அன்று.

கொடுக்கப்பட்ட எண்கள் குறைந்தால் புதிர் கடினமாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது, அதுவும் சரியன்று. ஒரே ஒரு விடை மட்டுமே உடைய புதிருக்குக் குறைந்தது 17 எண்கள் தேவை என்பதை, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்கைர் தலைமையிலான மூவர் குழு 2012 ஜனவரியில் அறிவித்தது. சுழற்றியும் கவிழ்த்தும் வரிசைகளை இடம் மாற்றியும் எண்களுக்குப் பெயர் மாற்றியும் பெறக்கூடியவற்றை ஒன்றாகவே கணக்கிட்டால் எஞ்சும் 547,27,30,538 நிறைவுற்ற சுடோகுகள் ஒவ்வொன்றிலும் 16 எண்கள் கொண்ட புதிர் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதற்கு, ஏறத்தாழ 71 லட்சம் மணி நேரக் கணிப்பு செலவாயிற்று. அவ்வளவு உழைப்பில் நிறுவப்பட்ட அந்த 17 எண் எல்லையைத் தொடும் புதிர்களில் பெரும்பாலானவை எளிய வழிகளிலேயே அவிழ்ந்துவிடுகின்றன. புதிரின் கடினத்தைத் தீர்மானிப்பது எண்களின் எண்ணிக்கையன்று. அடுத்த அடி எடுத்துவைக்க எத்தகைய வாதம் தேவைப்படுகிறது என்பதே.

அந்த வாதங்களுக்குத்தான் எக்ஸ்-விங், ஸ்வார்டுஃபிஷ், ஜெல்லிஃபிஷ், எக்ஸ்ஒய்-விங் என்று போர் விமானங்களையும் கடல் உயிரினங்களையும் நினைவூட்டும் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பெயரும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வித்தை என்ற தோற்றத்தைப் பயிற்சி நூல்கள் பல உண்டாக்குகின்றன. முப்பது நாற்பது வித்தைகளின் பட்டியலைக் கண்டு மிரண்டு, ‘கடினம்’ என்று குறிக்கப்பட்ட பக்கத்தைத் திருப்பாமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உண்மையில் அப்பட்டியலின் பெரும்பகுதி ஒரே செயலின் பல வடிவங்கள்: ஒரே பொருளை இரண்டு வழிகளில் எண்ணி, இரு எண்ணிக்கைகளையும் ஒப்பிடுவது. இதைக் கண்டுகொண்டவருக்குப் பெயர்கள் தேவைப்படுவதில்லை.

கொடுக்கப்பட்ட எண்களை வைத்துப் பார்க்கும்போது ஒரு கட்டத்தில் இன்னும் பொருந்தக்கூடியனவாக எஞ்சி நிற்கும் எண்களை ‘வாய்ப்பு எண்கள்’ என்று குறிப்பிடலாம். பென்சிலால் கட்டத்தின் மூலையில் பொடியாக எழுதிவைக்கப்படுபவை இவையே. மேல்நிலை முறைகளில் பெரும்பாலானவை எண்ணை நேரடியாக நிரப்புவதில்லை. வாய்ப்பு எண்களில் ஒன்றை அழிக்க அனுமதி தருகின்றன, அவ்வளவுதான். சுடோகுவில் கூட்டலும் கழித்தலும் கிடையாது, 1 முதல் 9 வரையிலான எண்கள் வெறும் ஒன்பது அடையாளங்களே என்பதால், அவற்றின் இடத்தில் நவதானியத்தை வைத்துப் பார்ப்பது இங்கு உதவும். பூசைப் பொருள் கடையில் கிடைக்கும் நவதானியப் பொட்டலம் ஒன்றில் நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மணி மட்டும் இருப்பதாகக் கொண்டால், சுடோகுவின் ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பொட்டலம், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பொட்டலம், மூன்றுக்கு மூன்று அளவிலான ஒவ்வொரு பெட்டியும் ஒரு பொட்டலம். ஆக மொத்தம் 27 பொட்டலங்கள். ஆயினும் தானியமணிகளோ 81 மட்டுமே. எந்தக் கடையிலும் நடக்காத ஒன்று இங்கே நடக்கிறது: ஒவ்வொரு மணியும் ஒரே நேரத்தில் மூன்று பொட்டலங்களுக்குள் கிடக்கிறது. மேல்நிலைத் தர்க்கம் முழுவதும் இந்த இரட்டிப்பான, மும்மடங்கான உரிமையிலிருந்துதான் பிறக்கிறது.

இனி ஒரு தராசு வேண்டும். ஆனால் அது எடை பார்க்கும் தராசாக இல்லாமல், எத்தனை எள், எத்தனை மொச்சை என்று வகைவாரியாக ஒப்பிடும் தராசாக இருக்க வேண்டும். ஒரு தட்டில் முதல் கிடைவரிசைப் பொட்டலத்தையும், மறு தட்டில் இடப்பக்க மேல்மூலைப் பெட்டியின் பொட்டலத்தையும் வைத்தால் இரண்டும் சமமே. இரு பொட்டலங்களுக்கும் பொதுவாக மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அந்த மூன்று மணிகளை இரு தட்டுகளிலிருந்தும் எடுத்துவிட்டாலும் சமநிலை குலையாது. ஆகவே கிடைவரிசையில் எஞ்சிய ஆறு கட்டங்களிலும், பெட்டியில் எஞ்சிய ஆறு கட்டங்களிலும் இருப்பவை அதே ஆறு எண்கள்தாம். முன்னதில் 4 வர வாய்ப்பே இல்லை என்று தெரிந்துவிட்டால், பின்னதிலும் 4 வராது. பயிற்சி நூல்கள் தனி அத்தியாயம் ஒதுக்கிக் கற்பிக்கும் முதல் இடைநிலை முறை இதுவே. தராசைப் புரிந்துகொண்டவருக்கு ஒரே வாக்கியத்தில் அது முடிந்துவிடுகிறது.

எக்ஸ்-விங் என்பதும் இதுவே, ஒரு தானியத்தை மட்டும் கவனித்துச் செய்யப்படுவது. இரண்டாம் கிடைவரிசையில் 7 வரக்கூடிய இடங்கள் 3-ஆம், 6-ஆம் நெடுவரிசைகள் மட்டுமே என்றும், எட்டாம் கிடைவரிசையிலும் அப்படியே என்றும் கொள்ளலாம். இரண்டு கிடைவரிசைப் பொட்டலங்களில் இரண்டு 7-கள் இருந்தாக வேண்டும். அவை இரண்டும் அந்த இரு நெடுவரிசைகளுக்குள்ளேயே விழுகின்றன. அந்த இரு நெடுவரிசைப் பொட்டலங்களும் மொத்தமாகத் தாங்கக்கூடிய 7-களோ இரண்டுதான். எனவே அந்த நெடுவரிசைகள் ஒவ்வொன்றின் பிற ஏழு கட்டங்களிலும், ஆக 14 இடங்களில், 7 என்ற வாய்ப்பு இருக்குமானால் அதைத் தயங்காமல் அழிக்கலாம். எந்த 7 எங்கே விழும் என்பது அப்போதும் தெரியாது. தெரியாமலே அழிக்க முடிகிறது என்பதில்தான் இந்த வாதத்தின் அழகு இருக்கிறது. இரண்டு வரிசைகளுக்குப் பதிலாக மூன்றை எடுத்தால் ஸ்வார்டுஃபிஷ், நான்கை எடுத்தால் ஜெல்லிஃபிஷ். ஐந்து வரிசை மீனைத் தேடி எவரும் அலைய வேண்டியதில்லை. ஓர் எண் இன்னும் நிரப்பப்படாத கிடைவரிசைகள் ஒன்பது என்றும், அவற்றுள் ஐந்தில் அதன் வாய்ப்புகள் ஐந்து நெடுவரிசைகளுக்குள் அடங்கிவிட்டன என்றும் கொண்டால், மற்ற நான்கு நெடுவரிசைகளின் வாய்ப்புகள் மற்ற நான்கு கிடைவரிசைகளுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. பெரிய மீன் அழிப்பதை எல்லாம் அந்தச் சிறிய மீனே அழித்துவிடும்.

இதே தராசில் இதுவரை நிறுத்தப்பட்டவற்றுள் மிக வியப்பூட்டுவது ‘ஃபிஸ்டோமெஃபெல் வளையம்’ எனப்படும் முடிவு. புதிர் அமைப்பாளர் ஒருவரின் புனைபெயரால் வழங்கும் இது, சைமன் ஆன்டனி, மார்க் குட்லிஃப் ஆகிய இருவர் பிரிட்டனிலிருந்து நடத்தும் ‘கிராக்கிங் த கிரிப்டிக்’ யூடியூப் அலைவரிசையின் வழியே உலகெங்கும் பரவியது. நடுப்பெட்டியைச் சுற்றி ஒரு கட்ட அகலத்தில் வளையம் ஒன்று வரைந்தால் அதில் 16 கட்டங்கள் இருக்கும்; சுடோகுவின் நான்கு மூலைகளிலும் இரண்டுக்கு இரண்டு அளவில் சதுரங்கள் வெட்டினால் அவற்றிலும் மொத்தம் 16 கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தைக்கூடப் பகிராத, ஒரே பெட்டியில் அடங்காத இந்த இரு தொகுதிகளிலும் இருப்பவை அதே 16 எண்கள். எந்த எண் எத்தனை முறை என்பது உட்பட. இது ஏதோ சிறப்பாக அமைக்கப்பட்ட புதிர்களுக்கு மட்டும் உரிய பண்பு அன்று. இதுவரை அச்சான, இனி அச்சாகப்போகும் ஒவ்வொரு சுடோகுவிலும் இது நடந்தே தீரும். நிறைவுற்ற சுடோகுகளின் எண்ணிக்கை 22 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் என்பதை 2005-இல் ஃபெல்கன்ஹவர், ஜார்விஸ் இருவரும் கணக்கிட்டனர். அத்தனையிலும் ஒரு விலக்குகூட இல்லை.

இதை நிறுவுவதற்குத் தட்டுக்கு நான்கு பொட்டலங்களும் ஒரு கழித்தலும் போதும். முதல் தட்டில் 1, 2, 8, 9 ஆகிய நெடுவரிசைகளை வைக்க வேண்டும். அதாவது இடக்கோடியில் இரண்டு, வலக்கோடியில் இரண்டு. மறு தட்டில் 3-ஆம், 7-ஆம் கிடைவரிசைகளையும், நடு அடுக்கின் இடப்பெட்டியையும் வலப்பெட்டியையும் வைக்க வேண்டும். இந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. இரு தட்டுகளிலும் நான்கு நான்கு பொட்டலங்கள், 36 தானியமணிகள், ஒவ்வொரு தானியத்திலும் நான்கு மணிகள், எனவே சமநிலை. இப்போது இரு தட்டுகளிலும் இடம்பெறும் கட்டங்களை எண்ணினால், 3-ஆம் கிடைவரிசையின் இரு கோடிகளிலும் நான்கு, 7-ஆம் கிடைவரிசையில் அதே போல் நான்கு, இடப்பெட்டியின் முதல் இரு நெடுவரிசைகளில் ஆறு, வலப்பெட்டியின் கடைசி இரு நெடுவரிசைகளில் ஆறு என 20 வருகிறது. அந்த இருபதையும் இரு பக்கமும் எடுத்துவிட்டால் தட்டுகளில் எஞ்சுபவை பதினாறு பதினாறு. முதல் தட்டில் எஞ்சியவை நான்கு மூலைச் சதுரங்கள். மறு தட்டில் எஞ்சியவை, 3-ஆம் நெடுவரிசை முதல் 7-ஆம் நெடுவரிசை வரை இரு கிடைவரிசைத் துண்டுகளும், நடுப்பெட்டியின் இருபுறமும் ஒட்டி நிற்கும் மூன்று மூன்று கட்டங்களும் சேர்ந்த வளையம். நிறுவல் முடிந்தது. பள்ளி மாணவர் ஒருவர் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டக்கூடிய இவ்வளவு எளிய உண்மை, கோடிக்கணக்கானோர் இப்புதிரோடு பல்லாண்டுகள் பழகிய பின்னரே பரவலாக அறியப்பட்டது என்பது நினைக்க நினைக்க வியப்பளிக்கிறது.

இன்கலாவின் புதிரிலேயே இதைச் சரிபார்க்கலாம். கொடுக்கப்பட்ட 21 எண்களுள் மூலைச் சதுரங்களில் விழுபவை 8, 1, 9 ஆகிய மூன்று. வளையத்தில் விழுபவை 9, 2, 1, 7 ஆகிய நான்கு. ஆகவே ஒரு கட்டத்தைக்கூட நிரப்பும் முன்பே, வளையத்தில் எங்கேனும் ஒரு 8 உண்டு என்றும், மூலைகளில் எங்கேனும் 2-உம் 7-உம் உண்டு என்றும் உறுதியாகக் கூறிவிடலாம். முழு விடையை எடுத்துப் பார்த்தால் இரு தொகுதிகளிலும் 4, 7, 9 ஆகியவை மும்மூன்று முறையும், 1, 5 ஆகியவை இரண்டிரண்டு முறையும், 2, 3, 8 ஆகியவை ஒரே ஒரு முறையும் வருகின்றன. 6 மூலைகளிலும் இல்லை, வளையத்திலும் இல்லை. அவ்வாறு ஓர் எண் இரண்டிலிருந்தும் சேர்ந்தே விலகி நிற்பதைக் கண்ணால் காணும்போது நிறுவல் தரும் மகிழ்ச்சி இரட்டிப்பாகிறது. அதே வேளையில், இந்த வளையம் இன்கலாவின் புதிரை உடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது; நாளிதழில் வரும் வழக்கமான சுடோகுவில் இதன் பயன் சொற்பமே. கூட்டுத்தொகை, ஏறுவரிசை போன்ற கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்பட்ட புதுவகைப் புதிர்களில்தான் இது முதல் பூட்டைத் திறக்கும் சாவியாக அமைகிறது.

பெட்டிகளே இல்லாமலும் இந்தத் தராசு வேலை செய்யும். ஏதேனும் ஐந்து கிடைவரிசைகளையும் ஏதேனும் நான்கு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்தால், அவை வெட்டிக்கொள்ளும் 20 கட்டங்களில் இருக்கும் எண்களும், தேர்ந்தெடுக்கப்படாத நான்கு கிடைவரிசைகளும் ஐந்து நெடுவரிசைகளும் வெட்டிக்கொள்ளும் 20 கட்டங்களில் இருக்கும் எண்களும் ஒன்றே. தேர்ந்த ஐந்து கிடைவரிசைகளை ஒரு தட்டிலும், தேராத ஐந்து நெடுவரிசைகளை மறு தட்டிலும் வைத்து, பொதுவான 25 கட்டங்களை நீக்கிப் பார்ப்பவருக்கு இதன் காரணம் விளங்கிவிடும்.

வரலாறு என்று சொல்ல அதிகம் இல்லை. இப்புதிரைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்தார் என்று எழுதுவது மிகை. அவர் ஆராய்ந்த லத்தீன் சதுரங்களில் பெட்டிகள் கிடையாது. இன்றைய வடிவம் 1979-இல் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. அதை அமைத்தவர் இண்டியானாபொலிஸ் நகரின் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்று கருதப்படுகிறது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம், மாக்கி காஜியின் முயற்சியால், அதற்கு இன்றைய பெயரைத் தந்தது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கூல்ட், புதிர்களைத் தானே உருவாக்கும் கணினி நிரலை எழுதி, 2004 நவம்பரில் லண்டனின் டைம்ஸ் நாளிதழில் சுடோகுவை வெளியிடச் செய்த பின்னரே உலகம் முழுதும் அது பரவியது.

பரவியதோடு வணிக வாக்குறுதிகளும் வந்து ஒட்டிக்கொண்டன. நாள்தோறும் புதிர் தீர்த்தால் நினைவாற்றல் பெருகும், முதுமை மறதி அண்டாது என்பன போன்ற கூற்றுகளை மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை இத்தகைய கூற்றுகளோடு விற்ற லுமோசிட்டி நிறுவனம், போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. சுடோகு தீர்க்கும் பயிற்சி சுடோகு தீர்க்கும் திறனை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. அதற்கு மேல் கூறப்படுபவை அப்புதிரின் மதிப்புக்குத் தேவைப்படவும் இல்லை.

பொட்டலக் கணக்கு கைகொடுக்காத இடத்தில் சங்கிலி முறைகள் தொடங்குகின்றன. இவற்றின் எளிய வடிவமான எக்ஸ்ஒய்-விங்கில் மூன்று கட்டங்கள் பங்கேற்கின்றன: நடுக்கட்டத்தில் 2, 5 என்ற இரண்டே வாய்ப்புகள், அதன் கிடைவரிசையில் உள்ள ஒரு கட்டத்தில் 2, 8, அதன் நெடுவரிசையில் உள்ள மற்றொரு கட்டத்தில் 5, 8. நடுக்கட்டம் 2 ஆனால் கிடைவரிசைக் கட்டம் 8 ஆகும். 5 ஆனால் நெடுவரிசைக் கட்டம் 8 ஆகும். எப்படியாயினும் இரண்டில் ஒன்று 8 என்பதால், இரண்டோடும் ஒரே வரிசையையோ பெட்டியையோ பகிர்ந்துகொள்ளும் எந்தக் கட்டத்திலும் 8 வர முடியாது. இரண்டில் ஒன்றாவது உண்மையாக வேண்டும் என்ற வலுவான பிணைப்பும், இரண்டும் ஒருங்கே உண்மையாக முடியாது என்ற மெலிந்த பிணைப்பும் மாறிமாறி வர, வலுவான பிணைப்பில் தொடங்கி வலுவான பிணைப்பிலேயே முடியும் சங்கிலியை எவ்வளவு நீளத்துக்கும் கோக்கலாம். அதன் இரு முனைகளில் ஒன்றாவது உண்மை என்பது மாறாது.

இது ஊகித்துப் பார்ப்பதே அல்லவா என்ற எதிர்ப்பு நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. ஊகிப்பவர் ஓர் எண்ணை இட்டு, அது தவறாகும்வரை ஓடுகிறார். சங்கிலியைக் கோப்பவர் எந்த எண்ணையும் இடுவதில்லை, இரு நிலைகளிலும் பொதுவாக நிற்கும் முடிவை மட்டுமே எடுக்கிறார். குறுகிய சங்கிலிகளைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு உண்மையானது, போற்றத்தக்கது. ஆனால் இன்கலாவின் புதிர் போன்றவற்றுக்கு மென்பொருள்கள் காட்டும் வழிகளில் சங்கிலிக்குள் சங்கிலி புகுந்து கிளைகிளையாக விரியும்போது, தர்க்கம் என்றும் தேடல் என்றும் பிரிக்கும் கோடு மங்கிவிடுகிறது. மனித மனம் ஒரே பார்வையில் தாங்க முடியாத வாதத்தைத் தர்க்கம் என்று அழைப்பதால் அது அழகாகிவிடாது. பெட்டிகளின் அளவை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ள அனுமதித்தால், சுடோகு என்.பி.-முழுமை என்ற கணக்கு வகையைச் சேரும் என்று யாடோ, செட்டா என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். விடையைச் சரிபார்ப்பது எளிது, எல்லா அளவுக்கும் விரைவாக விடை காணும் பொதுவழி எவரும் அறியாதது என்பது அதன் பொருள்.

சங்கிலிகளைவிடக் கூர்மையான சர்ச்சைக்கு உரியது ‘தனித்த செவ்வகம்’ எனப்படும் முறை. இரு கிடைவரிசைகள், இரு நெடுவரிசைகள், இரு பெட்டிகள் ஆகியவற்றுக்குள் அடங்கும் நான்கு கட்டங்களிலும் 4, 9 என்ற இரண்டு வாய்ப்புகளே எஞ்சினால், அவற்றை இடம் மாற்றி வைத்தாலும் விதிகள் எதுவும் மீறப்படாது. அப்போது புதிருக்கு இரண்டு விடைகள் இருந்துவிடும். வெளியிடப்பட்ட புதிருக்கு ஒரே விடைதான் என்பதால், மூன்று கட்டங்களில் அவ்விரண்டு மட்டுமே எஞ்சினால் நான்காம் கட்டத்தில் வேறோர் எண் இருந்தே ஆக வேண்டும் என்று இம்முறை முடிவு செய்கிறது. 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூருவிலும் நடைபெற்றவை போன்ற உலகச் சுடோகு போட்டிகளில், நொடிகளைக் கணக்கிட்டுத் தீர்ப்பவர்களுக்கு இது முற்றிலும் நியாயமான ஆயுதம். ஒரே விடை என்பதை அமைப்பாளரே உறுதியளித்திருக்கிறார். தர்க்கத்தை மட்டும் நாடுபவரோ, அந்த உறுதிமொழி விதிகளுக்குள் இருக்கும் ஒன்றன்று, அமைப்பாளரின் சொல் என்பதைக் கவனிக்க வேண்டும். இம்முறையைக் கையாண்டு விடை கண்டவர், விடையைக் கண்டிருக்கிறாரே தவிர, வேறு விடை இல்லை என்பதைக் காட்டியவர் ஆக மாட்டார். அச்சில் ஓர் எண் விடுபட்டுப் புதிருக்குப் பல விடைகள் ஏற்பட்டுவிட்டால், எக்ஸ்-விங்கும் வளையமும் சங்கிலியும் அந்த விடைகள் அனைத்துக்கும் பொதுவானவற்றையே தொடர்ந்து கூறிக்கொண்டிருக்கும். தனித்த செவ்வகமோ, சரியான விடைகளுள் சிலவற்றைக் காரணமின்றி அழித்துவிடக்கூடும்.